தடுப்பால வந்த தம்பிக்கு வீட்டுக்காரர் என்ன செய்யலாம்?

கேள்வி: நாங்கள் முல்லைத்தீவுப் பக்கம். என்ர தம்பியை 2009 தை மாசம் இயக்கம் (விடுதலைப் புலிகள்) பிடிச்சுக்கொண்டு போகேக்க அவனுக்கு 16 வயசு. வைகாசியில சண்டை முடிய ஓமந்தையில ஆமியிட்டப் பதிஞ்சு, தடுப்பு முகாமில புனர்வாழ்வுக்குப் போய், 2010இல வீட்டுக்கு வந்திட்டான். பிள்ளை உயிரோட வந்தாக் கற்பூரச்சட்டி எடுக்கிறன் எண்டு வற்றாப்பளை அம்மாளுக்கு வைச்ச நேத்தியை, சனம் பாத்துக் கதைக்கும் எண்டு அம்மா இன்னும் எடுக்கேல்லை. இப்ப 33 வயசு. மேசன் வேலை நல்லாச் செய்வான், ஆனா ஒரு இடத்திலயும் மூண்டு மாசத்துக்கு மேல நிக்கமாட்டான். நித்திரை இல்லை, முத்தத்தில தான் படுக்கிறான், ரெண்டு வருசமாக் குடியும் கூடிட்டுது. இப்ப ஒரு கலியாணம் பொருந்தி வந்திருக்கு, பொம்பிளை வீட்டுக்குத் தடுப்பில இருந்த கதையைச் சொல்லவேண்டாம் எண்டு அம்மா நிக்கிறா. என்ர மகனுக்கு 13 வயசு, மாமா துவக்குத் தூக்கினவரோ எண்டு என்னட்டக் கேக்கிறான். பக்கத்து வீட்டு அம்மா எங்களோட கதைக்கிறதே இல்லை. கடைசிச் சண்டை நேரம் மாத்தளனில தறப்பாளுக்கை இருக்கேக்க அவவின்ர மகளைப் பிடிக்க வந்த ஆக்களோட என்ர தம்பியும் நிண்டவன், அந்தப் பிள்ளை இண்டு வரைக்கும் வரேல்லை. தம்பியைப் பழையபடி ஆக்க ஏதும் வழி இருக்கோ?

பதில்:

தங்கச்சி, கடைசியாக் கேட்ட கேள்விக்கே முதல்ல பதில் சொல்லுறன், ஏன் எண்டால் மற்றதெல்லாம் அதில தான் தொங்கிக்கொண்டு நிக்குது. பழையபடி ஆக்கேலாது. ஓஎல் சோதினைக்குப் படிச்சுக்கொண்டிருந்த அந்தப் பெடியன் திரும்பி வரமாட்டான். அவன் வருவான் வருவான் எண்டு வீட்டில எல்லாரும் பாத்துக்கொண்டு இருக்கிறது தான் இப்ப இருக்கிற தம்பிக்குப் பெரிய பாரம் எண்டு நான் நினைக்கிறன், விடியக் காலமை எழும்பி உங்கட முகத்தைப் பாக்கேக்க அவனுக்கு விளங்குமெல்லோ இவை தேடுற ஆள் நான் இல்லை எண்டு. ஆனா இந்த 33 வயசு மனிசனுக்கு ஒரு நல்ல வாழ்க்கை அமையும், அது ஏலும், இதைவிட மோசமான நிலையில இருந்த ஆக்களுக்கும் அமைஞ்சிருக்கு, அதுக்கு வீட்டுக்காரர் செய்யிற வேலை எந்த டொக்டர் செய்யிறதையும் விடப் பெரிசு.

நடந்ததை நடந்த மாதிரி வைச்சுப் பாப்பம். 2003இல இருந்து 2008 முடியிற வரைக்கும் இயக்கம் சேர்த்த 18 வயசுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையள் எண்டு யுனிசெஃப் பதிவில இருந்தது மட்டும் 6,000க்கு மேல. வீட்டுக்கு ஒருத்தர் எண்டு கேட்டது கடைசியில அந்தக் கணக்கும் இல்லாமல் போச்சுது, தாய்மார் பிள்ளையளைப் பங்கருக்கையும் பரலுக்கையும் ஒளிச்சு வைச்சதும் 16, 17 வயசில அவசரம் அவசரமாத் தாலி கட்டி வைச்சதும் நான் உங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கிழக்கில கருணா ஆக்களும் இதே வேலை தான் செய்தவை, 2008 மார்கழியில தான் அவையின்ர கட்சி டிஎம்விபி பிள்ளையளை விடுறம் எண்டு யுனிசெஃப்போடயும் அரசாங்கத்தோடயும் சேர்ந்து கையெழுத்து வைச்சது. சண்டை முடிஞ்சாப்பிறகு புனர்வாழ்வுக்குப் போன 12,000 பேரளவில 594 பேர் 18 வயசு நிரம்பாத பிள்ளையள், 364 பெடியள், 230 பொம்பிளைப் பிள்ளையள். 16 வயசில பதிஞ்ச உங்கட தம்பியும் அந்த 594இல ஒராள்.

இந்தக் கணக்கை ஏன் எழுதுறன் எண்டால், உங்கட வீட்டில அம்மா 'நான் பிள்ளையைக் காப்பாத்தேல்லை' எண்டும், தம்பி 'நான் ஓடித் தப்பேல்லை' எண்டும் ரெண்டு பேரும் வாய் திறக்காமல் உள்ளுக்கை தங்களைத் தாங்களே குத்திக்கொண்டு இருப்பினம். ஒரு வீட்டின்ர பிழை எண்டால் ஆயிரக்கணக்கான வீட்டில ஒரே நேரத்தில நடக்குமோ? 2007இல பாரிசில நாடுகள் சேர்ந்து ஏற்றுக்கொண்ட கோட்பாடுகளிலயும் இது தான் இருக்கு, ஆயுதக் குழுவில இருந்த பிள்ளை அங்க இருக்கேக்க செய்ததுக்காகக் குற்றம் சாட்டப்பட்டாலும் அந்தப் பிள்ளையை முதல்ல பாதிக்கப்பட்ட ஆளாத் தான் பாக்கவேணும் எண்டு. அம்மாவுக்கு இதை நீங்கள் உங்கட வாயால சொல்லுங்கோ, ஒருக்காச் சொல்லிக் காணாது.

அடுத்தது, 2010இல தம்பி வீட்டுக்கு வந்ததோட விசயம் முடிஞ்சுது எண்டு எல்லாரும் நினைச்சிட்டியள். அது அப்பிடி முடியிறேல்லை. புனர்வாழ்வில ஒரு தொழிலைப் பழக்கி ஒரு சேர்ட்டிபிக்கற்றையும் குடுத்து விட்டவை, சின்னப் பிள்ளையளுக்குப் படிப்பும் ஒழுங்கு செய்தவை, அது ஒண்டும் இல்லாததை விட நல்லது தான், நான் மறுக்கேல்லை. ஆனா வெளிய வந்த ஆக்கள் பட்ட பாடு என்ன? ஆமி சிவில் ஒபிசில போய்ப் பதியிறது, சிஐடி வீடு தேடி வாறது, அவை வந்திட்டுப் போற மோட்டச்சைக்கிளைப் பாத்திட்டு ஊர்ச் சனம் 'அவன் ஆமிக்கு ஆள்' எண்டு கதைக்கிறது, ஆமிக்காரன் 'இவன் இன்னும் புலி' எண்டு பாக்கிறது. ரெண்டு பக்கத்துக்கும் நம்பிக்கை இல்லாத ஆளா ஒரு 17 வயசுப் பெடியன் தன்ர சொந்த ஊரில நடந்து திரியவேணும். ஒரு வேலையில மூண்டு மாசம் நிக்கமாட்டான் எண்டு எழுதினீங்களே, அதுக்கு வேர் கனக்க இடத்தில இங்க தான் இருக்கும்.

சியரா லியோனில 2002இல சண்டை முடிஞ்சாப்பிறகு அங்க ஆயுதக் குழுக்களில இருந்த பிள்ளையளை தெரேசா பெட்டன்கோர்ட் எண்ட ஆராய்ச்சியாளரும் அவவின்ர ஆக்களும் கன வருசமாப் பின்தொடர்ந்து பாத்தவை. சண்டையில பிள்ளை எவ்வளவு கொடுமை கண்டது எண்டதும் முக்கியம் தான், ஆனா அதுக்குப் பிறகு என்ன நடந்தது எண்டது அதுக்குக் குறையாத அளவு முக்கியம் எண்டு அவை கண்டவை. வீட்டுக்காரரும் ஊராக்களும் ஏற்றுக்கொண்ட பிள்ளையள், பள்ளிக்கூடத்தில நிலைச்ச பிள்ளையள் காலப்போக்கில எழும்பினவை, ஊர் ஒதுக்கி வைச்சு வசை சொன்ன பிள்ளையள் கீழ கீழ போனவை. போன காலத்தை நீங்களோ நானோ மாத்தேலாது, இதை மாத்தலாம். ஆகையால தான் தம்பியை விட்டிட்டு உங்களுக்கு எழுதுறன்.

நித்திரையில இருந்து தொடங்குவம். முத்தத்தில படுக்கிறதை நிப்பாட்டச் சொல்லி ஆக்கினை குடுக்காதேங்கோ. சுவருக்குள்ள, கதவு சாத்தின அறைக்குள்ள படுத்தா ஆர் வாறது எண்டு தெரியாது, ஓட வழி இல்லை, இந்த உடம்பு அப்பிடித் தான் பழகியிருக்கு. விறாந்தையில ஒரு கட்டில் போட்டு, ஒரு சின்ன லைற் எரிய விட்டு, படலையும் ஒழுங்கையும் தெரியிற மாதிரித் தலைமாட்டை வைச்சுக் குடுங்கோ, முத்தத்தில இருந்து விறாந்தைக்கு வாறதே பெரிய முன்னேற்றம். எழுப்பேக்க தோளில தட்டி எழுப்பாதேங்கோ, காலைத் தொடாதேங்கோ, தூர நிண்டு பேர் சொல்லிக் கூப்பிட்டு 'நான் அக்கா நிக்கிறன், விடிஞ்சிட்டுது, நாங்கள் வீட்டில நிக்கிறம்' எண்டு சாதாரணக் குரலில சொல்லுங்கோ, கண்ணைத் திறந்து உங்களை அடையாளம் கண்டாப்பிறகு கிட்டப் போங்கோ. சில வீடுகளில தாயையோ மனிசியையோ நித்திரைத் தூக்கத்தில அடிச்சுப் போட்டு அந்த வெக்கத்தில பிறகு வீட்டில படுக்கிறதையே விட்ட ஆக்கள் இருக்கினம், அதில அடிச்ச ஆள் ஆரை அடிச்சார் எண்டே அவருக்குத் தெரியாது. உங்கட மகனுக்கும் இதைப் பழக்கி வையுங்கோ, பின்னால வந்து 'பே' எண்டு வெருட்டுற விளையாட்டு மாமாவோட வேண்டாம். கோயில் திருவிழா, கலியாணவீடு, வெடி கொளுத்தப் போயினம் எண்டால் முன்னமே சொல்லுங்கோ, 'எட்டு மணிக்கு வெடி போடுவினம், நீ நிக்கிறதெண்டா நில், இல்லாட்டி கடைப்பக்கம் போட்டு வா' எண்டு. தெரிஞ்சு வாற சத்தத்தை உடம்பு கொஞ்சம் தாங்கும்.

அங்க என்ன நடந்தது எண்டு நீங்களாக் கேக்காதேங்கோ. ஆனா என்றைக்காவது இரவு ஒரு மணிக்கு அவனாக் கதைக்கத் தொடங்கினா நித்திரையா இருக்கு எண்டு எழும்பிப் போகவும் வேண்டாம், 'அதை விடு, மறந்திடு' எண்டு சொல்லவும் வேண்டாம். கேளுங்கோ, பக்கத்தில இருங்கோ, தேத்தண்ணி வைச்சுக் குடுங்கோ. அவன் சொன்னது பயங்கரமா இருந்தாலும் அடுத்த நாள் காலமை அவனை நேற்றுப் பாத்த மாதிரியே பாருங்கோ, அதைத் தான் அவன் கவனிப்பான்.

குடிக்கு வருவம். நித்திரைக்கு மருந்தாத் தான் தொடங்கியிருப்பான், கன பேருக்கு அது தான் வழி. கோயிலில கொண்டுபோய்ச் சத்தியம் வாங்கி ஒரேயடியா நிப்பாட்டுற வேலை வேண்டாம், ஒவ்வொரு நாளும் கனக்கக் குடிக்கிற ஆள் திடீரெண்டு நிப்பாட்டினா கை நடுங்கி, வலிப்பு வந்து, உயிருக்கே ஆபத்தாப் போகலாம். ஆஸ்பத்திரியில மனநலக் கிளினிக் இருக்கு, அங்க காசில்லாமல் மருந்தோட மெல்ல மெல்ல நிப்பாட்டலாம். அதே நேரம் உடம்பையும் காட்டுங்கோ. ஷெல் பீஸ் ஏதும் உள்ளுக்கை கிடக்கோ எண்டு கேளுங்கோ, முதுகுநோ தலையிடி எண்டு சொல்லிக்கொண்டு திரியிற கன பேருக்கு எலும்புக்குப் பக்கத்தில ஒரு சின்ன இரும்புத்துண்டு இருக்கும், எக்ஸ்ரே எடுத்தாத் தெரியும், எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னா பீஸ் இருக்கு எண்டதைக் கட்டாயம் முதல்ல சொல்லவேணும். 2016இல தடுப்பில இருந்தவைக்கு ஊசி போட்டவை எண்டு ஒரு பயம் ஊரெல்லாம் பரவினது உங்களுக்கு ஞாபகம் இருக்கும், தம்பிக்கும் அந்தப் பயம் மனசுக்குள்ள கிடக்கும், அதைக் கேட்டுச் சிரிக்காதேங்கோ, ரத்தம் சோதிச்சு றிப்போட்டைக் கையில வாங்கிக் குடுங்கோ.

வேலை விசயத்தில, ஏன் விட்டவன் எண்டதைத் திட்டாமல் கேட்டுப் பாருங்கோ. காசுக்காகவோ சோம்பலாலயோ விட்ட மாதிரி எனக்குத் தெரியேல்லை, வேலை தெரிஞ்ச பெடியன். பாஸ் எல்லாருக்கும் முன்னால கத்தியிருப்பார், அல்லாட்டி ஆரோ 'நீர் எந்தப் படையணி' எண்டு கேட்டிருப்பினம், அல்லாட்டி வேலைத்தளத்துக்கு யூனிபோம் போட்ட ஆள் ஆரும் வந்து போயிருப்பினம். அப்பிடி எண்டால் பெரிய கொம்பனிச் சைற்றை விட்டிட்டு, நம்பிக்கையான ஒரு சிநேகிதனோட சேர்ந்து சின்னச் சின்னக் கொந்தராத்து, மதில், கிணத்துக்கட்டு, ரொயிலட், இப்பிடி எடுத்துச் செய்யிறது அவனுக்குச் சரிவரும், தன்ர நேரம், தன்ர கை, கத்த ஆள் இல்லை. கை வேலை தெரிஞ்ச ஆளுக்குப் படிச்ச சேர்ட்டிபிக்கற் இல்லாட்டியும் செய்து காட்டி என்விகியூ எண்ட தொழில் தகுதிச் சேர்ட்டிபிக்கற் எடுக்கலாம், தொழில் பழக்கிற அரசாங்க நைட்டா ஒபிசில கேளுங்கோ, அதில 'புனர்வாழ்வு' எண்டு ஒரு சொல்லும் இருக்காது, வெறும் மேசன் எண்டு தான் இருக்கும். ஓஎல் விட்டதே எண்டு உள்ளுக்கை கவலை இருந்தால் எந்த வயசிலயும் தனிப்பட்ட பரீட்சார்த்தியா எடுக்கலாம், ஆனா அதை நீங்கள் தூண்டாதேங்கோ, அவனுக்கு ஆசை இருந்தாச் சரி. லீசிங்கில ஓட்டோ எடுத்துக் குடுக்கிற யோசனை ஆருக்கும் இருந்தா இப்ப வேண்டாம், மாசக் கட்டுக்காசு தவறினா வீட்டு வாசலில ஆள் வந்து நிண்டு கத்துறது இவனுக்குச் சரிவராது.

உங்கட கடிதத்தில ஒரு வரியில சொல்லிட்டுப் போன ஒரு விசயம் இருக்கு, பிள்ளை உயிரோட வந்தாக் கற்பூரச்சட்டி எடுக்கிறன் எண்டு அம்மா வற்றாப்பளை அம்மாளுக்கு நேத்தி வைச்சதும், சனம் பாத்துக் கதைக்கும் எண்டு இண்டு வரைக்கும் எடுக்காமல் விட்டதும். தங்கச்சி, அதை எடுக்கச் சொல்லுங்கோ. வடக்கு உகண்டாவில அச்சோலி சனம், காட்டுக்குள்ள ஆயுதக்காரரோட இருந்திட்டுத் திரும்பி வந்த பிள்ளையை வளவுக்குள்ள விட முதல் படலையடியில ஒரு முட்டையை வைச்சு அதை மிதிச்சு உடைச்சிட்டு வரச் சொல்லுவினம், சொந்தக்காரர் எல்லாரும் கூடி நிண்டு பாப்பினம். முட்டையில மந்திரம் ஒண்டும் இல்லை, ஆனா இவன் எங்கட பிள்ளை, வந்திட்டான் எண்டு அத்தனை பேருக்கும் முன்னால சொல்லியாச்சு. உங்கட வீட்டில அந்த நாள் வரவே இல்லை. 2010இல அவன் வரேக்க ஆருக்கும் சொல்லாமல் உள்ளுக்கை கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தியிருப்பியள், அப்ப அது பயத்தில செய்தது, நியாயம் தான். ஆனா அந்தக் கதவு இன்னும் சாத்தித் தான் கிடக்கு. வாற வைகாசிப் பொங்கலுக்கு அம்மா சட்டி எடுக்க, தம்பி பக்கத்தில நடந்து வர, நீங்களும் மகனும் போங்கோ. தம்பி சன நெரிசலுக்கு ஏலாது எண்டால் பொங்கலுக்கு முந்தியோ பிந்தியோ ஒரு திங்கக்கிழமை போங்கோ, அம்மாளுக்கு நாள் கணக்கில்லை.

கலியாணம். இதில நான் அம்மாவோட ஒத்துப்போக மாட்டன். மறைக்கவேண்டாம். மறைச்சு முடிச்ச கலியாணத்தில என்ன நடக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ, ஆறு மாசத்தில ஒரு பகல் தம்பி வேலைக்குப் போன நேரம் படலையில ரெண்டு பேர் வந்து நிண்டு 'இந்த வீட்டில முன்னாள் உறுப்பினர் ஒருத்தர் இருக்கிறாராம், எங்க?' எண்டு அந்தப் பிள்ளையிட்டக் கேட்டா, அவ தன்ர புருசனைப் பற்றிப் படலையில நிக்கிற அந்நிய ஆம்பிளையளிட்ட இருந்து தெரிஞ்சு கொள்ளவேணும். பிறகு எந்த உண்மையைச் சொன்னாலும் அவ நம்பமாட்டா. பொம்பிளை வீட்டாருக்குத் தரகர் மூலம் சொல்லவேண்டாம், தாய் தேப்பனுக்குச் சொல்லி அவை பிள்ளைக்குச் சொல்லுறதும் வேண்டாம், தம்பி தானே அந்தப் பிள்ளைக்கு நேர சொல்லவேணும், ஒரு கோயிலிலயோ சொந்தக்காரர் வீட்டிலயோ அரை மணித்தியாலம் இருந்து கதைக்க ஒழுங்கு செய்யுங்கோ. என்னென்ன சொல்லவேணும் எண்டு அவன் பயப்பிடுவான். 16 வயசில பிடிச்சவை, இவ்வளவு காலம் இருந்தன், தடுப்பில ஒரு வருசம், நித்திரை சரியில்லை, அதுக்கு இப்ப கிளினிக் போறன், குடிக்கிறனான், குறைச்சுக்கொண்டு வாறன், இடைக்கிடை விசாரிக்க வருவினம். இவ்வளவும் அந்தப் பிள்ளைக்குத் தெரியவேண்டிய உரிமை இருக்கு. சண்டையில தான் என்ன கண்டது என்ன செய்தது எண்ட விபரம் ஆருக்கும் கடன் இல்லை, அதை அவன் விரும்பின காலத்தில விரும்பின அளவு சொல்லட்டும். அவை வேண்டாம் எண்டு சொல்லலாம், சொன்னா அவனுக்கு அடி தான், அதுக்கு நீங்கள் பக்கத்தில நிக்கவேணும். ஆனா தெரிஞ்சுகொண்டு ஓம் எண்டு சொல்லுற ஒரு பிள்ளை அவன்ர வாழ்க்கையில வந்தா அதுக்கு ஈடு இல்லை. இன்னொண்டு, குடி கட்டுப்பாட்டுக்கு வர முதல் நாள் குறிக்காதேங்கோ. கலியாணம் செய்து வைச்சாத் திருந்துவான் எண்டு இன்னொரு வீட்டுப் பிள்ளையை மருந்தாப் பாவிக்கிறது அநியாயம்.

தடுப்பில இருந்த பொம்பிளைப் பிள்ளையளுக்கு இந்தக் கலியாண விசயம் பத்து மடங்கு கஷ்டம் எண்டதையும் இதில சொல்லவேணும், ஒரு ஆம்பிளைக்குப் 'பாவம் பிடிச்சவை' எண்டு சொல்லுற அதே வாய் அவைக்கு வேற கதை சொல்லும். உங்கட ஊரிலயும் அப்பிடி ஆரும் இருப்பினம், அவையையும் ஒருக்காப் பாருங்கோ.

விசாரிக்க வாறவையைப் பற்றி. 2018 கார்த்திகை 30 மட்டக்களப்பு வவுணதீவில ரெண்டு பொலிஸ்காரரைச் சுட்டும் வெட்டியும் கொன்ற உடன முன்னாள் போராளி ஒருத்தரைத் தான் பிடிச்சு உள்ளுக்கை போட்டவை, ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு தான் அதைச் செய்தது சஹ்ரானின்ர ஆக்கள் எண்டு தெரியவந்து 2019 வைகாசியில அவரை விட்டவை. ஒண்டும் செய்யாத ஆளுக்கும் பயம் இருக்கிறதுக்குக் காரணம் இருக்கு, தம்பிக்கு 'நீ ஒண்டும் செய்யேல்லைத் தானே, ஏன் பயப்பிடுறாய்' எண்டு சொல்லாதேங்கோ. ஒரு கொப்பி வையுங்கோ, ஆர் வந்தது, பேர், எந்த ஒபிஸ், திகதி, நேரம், என்ன கேட்டவை, எல்லாம் எழுதுங்கோ. எங்கயும் வரச் சொன்னா எழுத்தில கேளுங்கோ, தனிய அனுப்பாதேங்கோ. தொந்தரவு கூடினா மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு 1996க்கு எடுத்துச் சொல்லலாம், யாழ்ப்பாணத்திலயும் வவுனியாவிலயும் அவைக்கு ஒபிஸ் இருக்கு.

மகனுக்கு உண்மையைச் சொல்லுங்கோ. 'மாமாவுக்கு உன்னைவிட மூண்டு வயசு தான் கூட இருக்கேக்க அவரைப் பிடிச்சுக்கொண்டு போனவை, அவருக்கு அது விருப்பம் இல்லை, அதைப் பற்றிக் கேட்டா அவருக்கு மனசு நோகும், உனக்குக் கேக்க இருந்தா என்னட்டக் கேள்.' இவ்வளவும் காணும். போனில வாற வீரக் கதையளைப் பாத்திட்டு அவன் மாமாவை ஹீரோ ஆக்கவும் வேண்டாம், பள்ளிக்கூடத்தில ஆரும் சொல்லுறதைக் கேட்டுக் கெட்டவர் ஆக்கவும் வேண்டாம். மாமாவோட சேர்ந்து சைக்கிள் திருத்தட்டும், கல் அடுக்கட்டும், பட்டம் கட்டட்டும். 16 வயசில தவறவிட்ட விளையாட்டுக் கொஞ்சம் தம்பிக்கும் கிடைக்கும்.

இனிப் பக்கத்து வீட்டு அம்மா. உங்கட கடிதத்தில என்னைக் கனநேரம் இருத்தி வைச்சது இது தான். தம்பியையே பிடிச்சு சில கிழமை தான், அதுக்குள்ள அவனைக் கொண்டே மற்றப் பிள்ளையளின்ர தறப்பாளைக் காட்ட வைச்சவை. 16 வயசுப் பிள்ளைக்கு அந்த இடத்தில மாட்டன் எண்டு சொல்ல ஒரு வழியும் விடேல்லை. அது உண்மை. அந்தத் தாயின்ர மகள் வரேல்லை எண்டதும் உண்மை. இதை வைச்சு அதைக் குறைக்கேலாது, அதை வைச்சு இதைக் குறைக்கேலாது. ஆகவே 'அவனும் சின்னப் பிள்ளை தானே' எண்டு விளங்கப்படுத்த அந்த வீட்டுக்குப் போகாதேங்கோ, ஒரு தாய்க்கு முன்னால போய் அது கதைக்கிற கதை இல்லை. மன்னிப்புக் கேள் எண்டு தம்பியைப் பிடிச்சு அனுப்பவும் வேண்டாம், கலியாணத்துக்கு முதல் சாபம் நீங்கட்டும் எண்டு செய்யிற வேலையா அது போயிடும், அவவுக்கும் அது விளங்கும்.

ஆனா அவவுக்கு ஒரு தேவை இருக்கு. 2017 மாசி 20இல இருந்து கிளிநொச்சியில காணாமல் போன ஆக்களின்ர தாய்மார் போராட்டம் எண்டு இருந்த இருப்பு உங்களுக்குத் தெரியும், அவை கேட்டது காசில்லை, என்ர பிள்ளை எங்க, கடைசியா ஆர் கண்டது எண்டது தான். தம்பிக்கு ஏதும் தெரிஞ்சிருக்கலாம். அந்தப் பிள்ளையை எந்த இடத்துக்குக் கொண்டு போனவை, எந்தப் பக்கம் விட்டவை, பிறகு எப்பவாவது கண்டவனோ, ஆரோட நிண்டது, காயமோ. இதில ஒரு துண்டு தெரிஞ்சாலும் அந்தத் தாய்க்கு அது பெரிசு. அவனுக்குத் தெரிஞ்சதை அவன் இவ்வளவு காலமாத் தனியத் தூக்கிக்கொண்டு திரியிறான் எண்டும் நான் நினைக்கிறன், படலைக்கு வெளிய போகேக்க ஒவ்வொரு தரமும் அந்த வீட்டைத் தாண்டித் தானே போறான்.

இதை அவசரப்பட்டுச் செய்யாதேங்கோ. முதல்ல அவன் கிளினிக்குக்குப் போய், குடி குறைஞ்சு, நித்திரை கொஞ்சம் வந்து, ஒரு சில மாசம் நிலைச்சு நிக்கட்டும். உளவளத்துணையில இதுக்கு ஒரு முறை இருக்கு, ஒரு கயித்தை நிலத்தில நீட்டி வைச்சுப் பிறந்த நாளில இருந்து நடந்தது எல்லாத்தையும் வரிசையா, நல்லதுக்குப் பூவும் கெட்டதுக்குக் கல்லும் வைச்சு, பிறகு ஒவ்வொரு கல்லாக் கதைச்சு முடிக்கிறது. வடக்கு உகண்டாவில ஊர் ஆக்களையே பழக்கி, ஆயுதக்காரரிட்ட இருந்து வந்த பிள்ளையளுக்கு இதைச் செய்து நல்ல பலன் கண்டவை, எங்கட வடக்கிலயும் ஆசிரியர்மாருக்கு இதைப் பழக்கினவை. மாத்தளன் எண்ட அந்தக் கல்லைத் தம்பி முதல்ல அந்த அறைக்குள்ள கதைக்கட்டும். அதுக்குப் பிறகு அவனுக்கே அந்த அம்மாவிட்டச் சொல்லவேணும் எண்டு வந்தா, ரெண்டு வீட்டுக்கும் போய் வாற ஒராளை, ஒரு பாதரையோ சிஸ்டரையோ பழைய ரீச்சரையோ முதல்ல அனுப்பி, 'அவனுக்குத் தெரிஞ்சதைச் சொல்ல விரும்புறான், உங்களுக்குக் கேக்க விருப்பமோ' எண்டு கேளுங்கோ. அவ மாட்டன் எண்டு சொன்னா அதோட விடுங்கோ, திரும்பத் திரும்பப் போகவேண்டாம், அது அவவின்ர உரிமை. ஓம் எண்டு சொன்னா அந்த மூண்டாவது ஆளும் இருக்கட்டும், தம்பி தெரிஞ்சதை மட்டும் சொல்லட்டும், தெரியாததைத் தெரியாது எண்டு சொல்லட்டும், ஆறுதலுக்காகக் கூட்டிச் சொல்லவே கூடாது. அவ அழுதாலும் ஏசினாலும் அவன் எழும்பி ஓடாமல் இருக்க உங்களில ஒராள் பக்கத்தில இருக்கவேணும், அண்டைக்கு இரவும் அவனைத் தனிய விடாதேங்கோ.

நீங்கள் அந்த வீட்டோட கதைக்கத் தடை ஒண்டும் இல்லை. அவவுக்குச் சுகமில்லாத நேரம் தண்ணி அள்ளிக் குடுக்கலாம், ஒரு பதிவுக்கோ கச்சேரிக்கோ போகேக்க கூடப் போகலாம். வேண்டாம் எண்டு சொன்னாத் திரும்பி வாங்கோ, கோபப்படாதேங்கோ.

கடைசியா, தம்பி கிளினிக்குக்கு வரமாட்டன், எனக்கு விசரில்லை எண்டு நிப்பான், முதல் தரம் ஆரும் ஓம் எண்டு சொன்னதா எனக்கு ஞாபகம் இல்லை. அவனை இழுக்காதேங்கோ. நீங்கள் முதல்ல தனியப் போங்கோ, ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கோ, உங்கட பிரதேச செயலகத்தில இருக்கிற உளவளத்துணை உத்தியோகத்தரிட்டயோ. 'நான் தம்பியைப் பற்றி அறிய வந்தனான்' எண்டு சொன்னாக் காணும், நோயாளி வராமலும் அவை கதைப்பினம். ரெண்டு மூண்டு தரம் போட்டு வந்தாப்பிறகு, நித்திரைக்கு மட்டும் ஒருக்கா வந்து பார் எண்டு சொல்லிப் பாருங்கோ, பழைய கதை ஒண்டும் கேக்கமாட்டினம் எண்டு சொல்லுங்கோ, அங்கயும் முதல் நாள் கேக்கமாட்டினம். இடையில அவன் சாகிற கதை கதைச்சா, அல்லாட்டித் தன்ர சாமானை ஆக்களுக்குக் குடுக்கத் தொடங்கினா, கிளினிக் நாள் வரும் வரைக்கும் பாத்துக்கொண்டு நிக்கவேண்டாம், பூச்சிமருந்து, கயிறு எல்லாத்தையும் வீட்டால அப்புறப்படுத்திப் போட்டு அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ, 1926க்கு எந்த நேரமும் எடுக்கலாம். போட்டு வந்து என்ன நடந்தது எண்டு எனக்கு எழுதுங்கோ, அம்மா கலியாண விசயத்தில ஒத்துக்கொள்ளாட்டி அவவின்ர கேள்வியையும் அவவின்ர வாயால கேட்டு எழுதி அனுப்புங்கோ, அதுக்கும் பதில் எழுதுறன்.